இரு கண் பார்வையும் அஜ்மாலினும்

சுகாதார ஆய்வில் பழங்குடியினரின் அறிவையும் மேற்கத்திய அறிவியலையும் இணைப்பது பற்றிப் பேசுவோர் இன்று அடிக்கடி எடுத்தாளும் தொடர் 'இரு கண் பார்வை'. கனடாவின் கேப் பிரெட்டன் தீவில், எஸ்கசோனியைச் சேர்ந்த மிக்மாக் இனப் பெரியவர்களான ஆல்பர்ட் மார்ஷல், முர்டீனா மார்ஷல் தம்பதியர் 2004ஆம் ஆண்டில் இதனை முன்வைத்தனர். ஒரு கண்ணால் மூதாதையர் அறிவின் வலிமையையும், மறு கண்ணால் மேற்கத்திய அறிவியலின் வலிமையையும் கண்டு, இரண்டையும் யாவருக்கும் பயன்படச் செய்வது அதன் சாரம். ஷெரில் பார்ட்லெட்டுடன் சேர்ந்து அவர்கள் எழுதி 2012இல் வெளிவந்த கட்டுரை, இதை இரு தரப்பும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கும் பயணம் என்றே விளக்குகிறது.

தொடர் பரவிய வேகத்தில் அக்கற்றல் பின்தங்கிவிட்டதோ என்ற ஐயம் நமக்கு உண்டு. முன்னுரையில் இரு கண்கள் இருக்கும். வினாவை வகுக்குமிடத்தில் ஒரு கண் மூடிக்கொள்ளும். நம் யூனானி மருத்துவத்தின் அண்மை வரலாறே இதற்குச் சான்று.

யூனானி மருந்துகளை நவீன வேதியியல் முறையில் ஆராய விழைந்த தில்லி ஹகீம் அஜ்மல் கான், ஜெர்மனியில் பயின்ற சலீமுஸ்ஸமான் சித்தீக்கியிடம் அப்பணியை ஒப்படைத்தார். ஹகீம் 1927இல் மறைந்தார். சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்தெடுத்த ஆல்கலாய்டு ஒன்றுக்கு 1931இல் சித்தீக்கி 'அஜ்மாலின்' என அவர் நினைவாகப் பெயர் சூட்டினார். அவ்வேரிலிருந்தே சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் 1952இல் ரெசர்பினைப் பிரித்தனர். அது இரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும் மருந்தாயிற்று.

ஆய்வாளர் நம்மவர்; ஆய்வகம் நம்முடையது; தொடங்கிவைத்தவரோ ஹகீம். ('யூனானி' என்பதே கிரேக்கத்தைச் சுட்டும் சொல், இதில் சுதேசி எது, மேற்கு எது எனப் பிரிப்பதும் எளிதன்று.) இருந்தும், வேரில் என்ன பொருள் உள்ளது என்ற வினாவே ஆய்வகத்துள் நுழைந்தது. எந்த மிஸாஜ் உடையவருக்கு, எப்பருவத்தில், எவ்வுணவோடு என ஹகீம் கேட்கும் வினாக்கள் வாசலில் நின்றுவிட்டன. வேதியியலைக் குறைகூறுவதற்கில்லை. அளவையும் தீங்கையும் துல்லியமாக அறிய அது வேண்டும். ஹகீமின் வினாக்களையும் சோதனைக்குரியனவாக மதித்திருக்கலாம் என்பதே நம் வாதம்.

கனடாவின் முதற்குடியினர் தம் மக்களைப் பற்றிய தரவுகளின் உடைமையும் கட்டுப்பாடும் தமக்கே உரியன எனும் நெறியை 1998இல் வகுத்தனர். அது வேண்டியதே. ஆனால் உடைமை கைக்கு வந்த பின்னும் வினா கைக்கு வராமல் போகலாம் என்பதற்குத் தில்லி சாட்சி. புருகாடா எனும் இதயக் கோளாறைக் கண்டறியும் சோதனையில் மருத்துவர்கள் இன்றும் அஜ்மாலினைச் செலுத்துகின்றனர். அப்பெயருக்குரியவர் நோயாளியிடம் முதலில் எதைக் கேட்டிருப்பார் என்பது அச்சோதனையில் எழுவதில்லை.