மேவிஸின் மூன்று அலங்காரங்கள்

பழைய காதலனுக்குக் குழந்தை பிறந்திருக்கும் செய்தி, ஊரில் எல்லோருக்கும் அனுப்பிய மின்னஞ்சலோடு சேர்ந்து தனக்கும் வந்திருக்க, அந்தக் குழந்தையின் படத்தை அச்செடுத்துப் பார்க்க வேண்டும் என்று மேவிஸ் கேரிக்குத் தோன்றுகிறது. பிரிண்டரிலோ மை வற்றிவிட்டது. கடைக்குப் போகலாம் என்றோ நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றோ நினைக்காமல், அவள் மைக்கூட்டைக் கழற்றி, அதன்மேல் எச்சில் துப்பித் தேய்த்து, மறுபடியும் உள்ளே செருகுகிறாள். ‘யங் அடல்ட்’ படத்தைப் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் காட்சி நினைவிருப்பதில்லை. எனக்கோ, சார்லீஸ் தெரான் என்ற நடிகையின் சாமர்த்தியம் முழுவதும் அந்த எச்சிலில் அடங்கியிருக்கிறது என்பது திடமான அபிப்பிராயம். அவர் அதை அருவருப்பாகவும் செய்யவில்லை, வேடிக்கையாகவும் செய்யவில்லை. நம் வீட்டுப் பாட்டிமார் நூல் நுனியை எச்சில் தொட்டு ஊசியில் கோப்பார்களே, அந்தப் பழக்கத்தோடும் அந்த நிர்விசாரத்தோடும் செய்கிறார். இப்படிப்பட்ட பெண்மணி எதையும் கை நழுவ விடமாட்டாள், வற்றிப்போனதைக்கூட எச்சில் தொட்டு எழுப்பப் பார்ப்பாள் என்பது, மினியாபொலிஸை விட்டு அவள் கார் புறப்படுவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

சொந்த ஊருக்குத் திரும்பிப்போய் மானம் கெட்டு வருகிறவர்களைப் பற்றிய படங்களில் பித்துக் கொண்ட நண்பர்கள் ஏழெட்டுப் பேர் எங்களுக்குள் இருக்கிறோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டு மாடியிலாவது கூடிப் படம் பார்ப்பதும், படம் ஓடிய நேரத்தைவிட அதிக நேரம் வாதம் செய்வதும் வழக்கம். அவர்களில் ஒருவருக்கு 1997-இல் வந்த ‘குரோஸ் பாயிண்ட் பிளாங்க்’தான் வேதம். கூலிக்குக் கொலை செய்கிற ஜான் கியூசாக், பள்ளியை விட்டுப் பத்தாண்டு கழித்துப் பழைய மாணவர் கூட்டத்துக்கு ஊர் வந்து, தான் பிறந்து வளர்ந்த வீடு இருந்த இடத்தில் ஒரு பலசரக்குக் கடை நிற்பதைக் கண்டு திகைக்கிறானே, அதற்கு இணையான காட்சி உண்டா என்று கேட்பார். உண்மையிலேயே அழகான காட்சி, மறுக்கவில்லை. இன்னொருவர் எட்கர் ரைட்டின் ‘தி வேர்ல்ட்ஸ் எண்ட்’ பக்கம். நாற்பது வயதை எட்டியும் பதினெட்டிலேயே நின்றுவிட்ட கேரி கிங், பழைய கூட்டாளிகளை இழுத்துக்கொண்டு, முன்பு ஓர் இரவில் முடிக்காமல் விட்ட பன்னிரண்டு மதுக்கடைகளை ஒரே இரவில் முடிக்கப் புறப்படுவதும், கடைசியில் அவன் சட்டைக் கையை விலக்கும்போது மணிக்கட்டில் கட்டுத் துணி தெரிவதும் சாமானியமான விஷயங்களல்ல. சைமன் பெக் அந்த ஒரு கணத்தில் என் கண்ணையும் நனைத்தார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு ஒரு குறை. முதல் படத்துக்குத் துப்பாக்கி வேண்டியிருக்கிறது. இரண்டாவதற்கு வேற்றுலகத்திலிருந்து யந்திர மனிதர்கள் வந்து இறங்க வேண்டியிருக்கிறது. ஊர் மாறிவிட்டது என்று ஒருவன் துக்கப்படுவதற்கு இத்தனை தடபுடல் எதற்கு? மேவிஸுக்கு வேண்டியிருப்பதெல்லாம் காலையில் எழுந்ததும் பெரிய பாட்டிலோடு தூக்கிக் குடிக்கிற டயட் கோக்தான்.

தெரானின் நடிப்பைப் பற்றிப் பேச வந்தவன், பெரும்பாலோர் பேசுகிற விருந்தில் நடக்கும் அந்தப் புல்தரை ஆர்ப்பாட்டத்தைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிட்டு, அலங்காரக் காட்சிகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். விளையாட்டுப் படங்கள் மாட்டிய மதுக்கடையில் அந்தப் பழைய காதலன் பட்டியை முதன்முதல் சந்திக்கப் போகும்போது ஒன்று. அவன் மனைவி பெத்தின் வாத்தியக் கோஷ்டியைக் கேட்கப் போகும்போது ஒன்று. குழந்தைக்குப் பெயர் சூட்டும் விருந்துக்குப் போகும்போது ஒன்று. ஆக மூன்று அலங்காரங்கள். நகம் தீட்டுவதும், முகத்தில் பூசுவதும், கூந்தலைச் சீர் செய்வதுமாக, ஒரு யுத்தத்துக்கு ஆயுதங்களைத் தீட்டுகிற மாதிரி இயக்குநர் ஜேசன் ரைட்மன் அவற்றைத் துண்டு துண்டாகக் காட்டிக்கொண்டு போகிறார். சாதாரணமாகச் சினிமாவில் கதாநாயகி அலங்கரித்துக்கொண்டால் கண்ணாடியில் தன்னைப் பார்த்து ஒரு புன்னகை செய்வாள், அல்லது ஒரு பெருமூச்சு விடுவாள். தெரான் இரண்டையும் செய்வதில்லை. தொழிற்சாலையில் இரவு முறைக்கு வந்தவள் யந்திரத்தைத் துடைப்பதுபோலத் தம் முகத்தைத் துடைக்கிறார். அழகாக இருப்பது இந்தப் பெண்ணுக்கு ஆனந்தமல்ல, உத்தியோகம். அதுவும் முப்பத்தேழு வயதில் ஓய்வு நெருங்கிக்கொண்டிருக்கும் உத்தியோகம். தனிமையில் இருக்கும்போது பின்தலைக்குக் கை போய், ஒவ்வொரு முடியாகப் பிய்த்துப் போடுகிற வழக்கம் அவளுக்கு உண்டு என்பதையும் படம் எந்த விளக்கமும் கொடுக்காமல் காட்டிவிடுவதால், தான் இரவில் பிய்த்ததைத்தான் அவள் பகலில் மூடி மறைக்கிறாள் என்பது நமக்குப் புரிகிறது. பெனலோப்பியின் நெசவு இவ்வளவு கோரமாகக்கூட இருக்க முடியும் போலிருக்கிறது.

2003-இல் ‘மான்ஸ்டர்’ படத்துக்காக இதே நடிகை உடம்பைப் பெருக்கி, தோலைக் கறைப்படுத்தி, முகத்தையே மாற்றிக்கொண்டு நடித்தபோது உலகம் கைதட்டி ஆஸ்கார் விருதும் கொடுத்தது. அது பெரிய காரியம்தான். ஆனால் சொந்த அழகை ஒளித்துக்கொண்டு நடிப்பதைவிட, அந்த அழகையே ஒரு வேஷமாகப் பூண்டுகொண்டு, அந்த வேஷத்துக்குள்ளே இருப்பவள் மூச்சுத் திணறுவதைக் காட்டுவது அதிகக் கடினம் என்று சொன்னால், எங்கள் மாடிக் கூட்டத்திலேயே சிலர் சிரிக்கிறார்கள். அழகான பெண் அழகான பெண்ணாக நடித்தாள், இதிலென்ன சிரமம் என்கிறார்கள். சிரமம் இல்லாதது போலத் தோன்றுவதுதான் சிரமம் என்று நம் சங்கீத ரஸிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சினிமா ரஸிகர்களுக்கு மட்டும் ஏனோ திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

திரைக்கதை எழுதிய டயாப்லோ கோடியின் கதையமைப்பில் நான் மிகவும் வியக்கும் சமத்காரம் அந்த ஒலிநாடா. பட்டி எப்போதோ அன்போடு பதிந்து கொடுத்த நாடாவைக் காரில் போட்டு, டீனேஜ் ஃபேன்கிளப் என்ற ஸ்காட்லாந்துக் கோஷ்டியின் ‘தி கான்செப்ட்’ என்ற ஒரே பாட்டை, அதிலும் அதன் ஆரம்பத்தை மட்டும், பின்னுக்கு ஓட்டி ஓட்டிக் கேட்டுக்கொண்டே அவள் ஊரை நோக்கிப் போகிறாள். திரையில் பெயர்கள் வரும்போது காமிரா அந்த நாடாப் பெட்டியின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து சக்கரங்கள் சுழல்வதைக் காட்டுகிறது. பிறகு மதுக்கடையில், தாய்மார்கள் சேர்ந்த கோஷ்டியில் பெத் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க, அதே பாட்டு அவள் கணவனுக்கென்று ஆரம்பமாகிறது. பட்டி மெய்ம்மறந்து மனைவியைப் பார்க்கிறான். அப்போது தெரானின் முகத்தைக் கவனியுங்கள். நாமாக இருந்தால் அழுதிருப்போம். அவர் கண்ணில் வருவது கண்ணீரல்ல. தன் பையிலிருந்து ஒரு பொருள் களவு போனதைக் கண்டுகொண்டவளின் கோபம். அந்தப் பாட்டு அவர்களுக்கு எத்தனை வருஷமாகச் சொந்தமோ, அந்தத் தம்பதிக்கு அதில் எத்தனை வாழ்க்கை கலந்திருக்கிறதோ, இந்தக் கேள்விகள் அவளுக்கு எழவே எழா. மெர்க்குரி என்ற அந்தக் கற்பனை ஊர், தான் விட்டுப்போன நாளிலேயே கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

இந்தப் படத்தின் ஜீவன் தெரானல்ல, பேட்டன் ஆஸ்வால்ட்தான் என்று வாதாடும் ஒரு கோஷ்டியும் உண்டு. அவர்களோடு எனக்குப் பெரிய விரோதம் கிடையாது. பள்ளிக் காலத்தில் தன்பாலின விருப்பம் உடையவன் என்று தவறாக எண்ணிச் சக மாணவர்கள் அடித்து முடமாக்கிய மாட் ஃப்ரீஹாஃப், ஊன்றுகோலோடு வாழ்கிறான். கொட்டகையில் சாராயம் காய்ச்சுகிறான். ஒரு பொம்மையின் தலையை வேறொரு பொம்மையின் உடலில் பொருத்தி வர்ணம் தீட்டுகிறான். பள்ளியில் நான்கு வருஷம் பக்கத்துப் பெட்டகக்காரனாக இருந்தவனை மேவிஸுக்கு நினைவில்லை. அடிபட்ட செய்தி நினைவுக்கு வந்த பிறகுதான் ஆளும் நினைவுக்கு வருகிறான். ஆஸ்வால்ட் அந்த அவமதிப்பைச் சிரித்து வாங்கிக்கொள்ளும் பாங்கு உயர்ந்த ஹாஸ்யம். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். மாட் மீது நமக்கு அனுதாபம் முதல் நிமிஷத்திலேயே தானாகப் பிறக்கிறது. அதை அவர் சம்பாதிக்க வேண்டியதில்லை. தெரானோ, கிடைக்கிற அனுதாபத்தையும் தட்டிவிட்டுக்கொண்டே போகிறார்.

பெயர் சூட்டு விருந்தில் பெத்தின் கை தவறி மேவிஸின் வெள்ளைப் பட்டுச் சட்டையில் பானம் கொட்டியதும் எழுகிற ரகளையில், பல வருஷங்களுக்கு முன் கலைந்துபோன தன் கர்ப்பத்தை அத்தனை பேர் முன்னிலையில் அவள் சொல்லிவிடுகிறாள். அங்கேகூட, ‘இப்போது என்னை மன்னித்துவிடுங்கள்’ என்று கெஞ்சுகிற பார்வை தெரானிடம் இல்லை. துக்கத்தையும் ஒரு வசவு மாதிரி வீசுகிறார். அதைவிடக் குரூரமானது அடுத்து வருவது. தன்னை ஏன் விருந்துக்கு அழைத்தாய் என்று கேட்கிறவளிடம், அழைத்தவள் பெத்தான், உன்னைப் பார்த்தால் அவளுக்குப் பாவமாக இருக்கிறது, எங்கள் எல்லோருக்குமே பாவமாக இருக்கிறது என்கிற அர்த்தத்தில் பட்டி பதில் சொல்லிவிடுகிறான். பாட்ரிக் வில்சன் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொள்ளலாம்; நல்ல மனிதனாகச் சொல்கிறார்.

இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குக் கும்பகோணத்துக்கு மேற்கே இருக்கும் என் கிராமத்துக்குப் பல வருஷம் கழித்து ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனது நினைவுக்கு வரும். பஸ்ஸில் போயிருக்கலாம். வாடகைக் கார் அமர்த்திக்கொண்டு, தெருக்கோடியில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தச் சொல்லி, மெதுவாக இறங்கினேன். உடன் படித்தவன், இப்போது நெல் வியாபாரம் செய்கிறவன், வந்து தோளில் கை போட்டு, காரை ஏறிட்டும் பாராமல், “ஏன்டா இப்படி எளைச்சுப் போயிட்ட? அங்க சாப்பாடு சரியில்லியா?” என்று கேட்டான். அந்தக் கேள்வியில் பரிகாசம் துளிகூட இல்லை. பந்தியில் என் இலையில் இரண்டாம் முறை கூட்டு வைக்கச் சொல்லிப் பரிசாரகரிடம் அவனே சிபாரிசு செய்தான். ஊர் நம்மைப் பார்த்துப் பொறாமைப்படுவதாக நாம் எண்ணிக்கொண்டிருந்த காலமெல்லாம் ஊர் நமக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது என்று தெரியவருவதைப் போல ஒரு தலைகுனிவு வேறில்லை.

எல்லாவற்றிலும் சிகரம் என்று நான் கருதுவது மறுநாள் காலைச் சமையலறைக் காட்சி. முந்திய இரவு மாட்டின் வீட்டில், கறைபட்ட சட்டையும் கழன்று, ஒட்டுப்போட்ட செயற்கை அங்கங்களும் நீங்கி, மூன்று அலங்காரங்களும் கலைந்து, முதன்முதலாக வெறும் மனுஷியாக நின்றவள், காலையில் அவன் தங்கை சாண்ட்ராவிடம், தான் மாற வேண்டியிருக்கிறது என்று சொல்கிறாள். வேறு படமாக இருந்தால் இந்த இடத்தில் பச்சாத்தாபம் பலித்து, பின்னணியில் பியானோ வாசிக்க ஆரம்பித்திருப்பார்கள். இங்கே சாண்ட்ரா, நீங்கள் ஏன் மாற வேண்டும், இந்த ஊரில் இருப்பவர்கள்தான் மந்தமானவர்கள், புஸ்தகம் எழுதியவர் நீங்கள் ஒருவரல்லவா என்று பக்தியோடு ஏற்றிவிடுகிறாள். கோலெட் வுல்ஃப் அந்தச் சிறு வேஷத்தை எவ்வளவு ஏக்கத்தோடு செய்கிறார்! அதைக் கேட்கக் கேட்கத் தெரானின் முகத்தில் நடப்பதை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று சொன்னால் வெட்கம். முதலில் சந்தேகம், பிறகு, இருக்குமோ என்ற ஒரு பிரியம், பிறகு கண்ணில் பழைய அலட்சியம் திரும்ப வந்து உட்கார, காற்றுப் போன பந்துக்குக் காற்றடித்தது போல ஆள் நிமிர்ந்துவிடுகிறாள். தன்னையும் நகரத்துக்கு அழைத்துப் போகும்படி சாண்ட்ரா கேட்டதும், நீ இங்கேயே இருப்பதுதான் நல்லது என்று ஒரே வார்த்தையில் வெட்டிவிட்டுப் புறப்படுகிறாள். திருந்தவில்லை, நன்றிகூடக் காட்டவில்லை. நான் சிரித்தேன், சிரித்ததற்காக வருந்தினேன், மறுபடியும் சிரித்தேன்.

இப்போது அந்தத் துணிச்சல் அருகிவிட்டது. அமெரிக்காவில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தொலைக்காட்சிக்கென்று எடுத்துத் தள்ளுகிற படங்களில், நகரத்து உத்தியோகஸ்தி சிற்றூருக்கு வந்து, பழைய காதலனைச் சந்தித்து, பனி விழுவதற்குள் குணமாகி அங்கேயே தங்கிவிடுகிறாள். நம் பக்கமும் ‘ஆட்டோகிராஃப்’, ‘96’ என்று பழைய பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கும் படங்கள் வந்து, நானும் கர்ச்சீப்பை எடுத்தவன்தான். ஆனாலும் அங்கே கடந்தகாலம் ஒரு கர்ப்பக்கிருகம், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செருப்போடு நுழைந்து, தீபத்தை இடறி, அர்ச்சகரையும் திட்டிவிட்டு வருகிற ஒருத்தியைக் காட்ட யாருக்கும் மனம் துணிவதில்லை. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் நாற்பது வருஷம் கழித்து ஊர் போய் மாட்டிக்கொள்கிற அர்ஜென்டினாப் படமான ‘எல் சியுதாதானோ இலுஸ்த்ரே’ 2016-இல் வந்ததுதான், எனக்குத் தெரிந்து, இந்த வரிசைக்குச் சேர்த்தியான பிந்திய படைப்பு. அதில் நடித்த ஆஸ்கார் மார்த்தினஸுக்கு வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் பரிசு கொடுத்தார்கள்.

தெரானுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ‘யங் அடல்ட்’ 2011 டிசம்பரில் வெளிவந்தது. அந்த ஆண்டுக்குரிய ஆஸ்கார் பரிந்துரைகளில் அதன் பெயர் ஓரிடத்திலும் இல்லை. சிறந்த நடிகை விருது, மார்கரெட் தாட்சராக வேஷம் போட்ட மெரில் ஸ்ட்ரீப்புக்குப் போயிற்று. ஒப்பனைக்கான விருதும் அதே படத்துக்குத்தான்.