நாற்பது சீட்டின் வேகம்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள அலுவலகக் கோபுரங்களில் வேலை முடித்து, இரவு ஏழரைக்குச் சீட்டாட உட்காரும் நால்வருக்குக் கிடைப்பது மாலையின் மிச்சம்தான். ‘மார்வெல் சாம்பியன்ஸ்’ பெட்டியில் ஓர் ஆட்டத்துக்கு 45 முதல் 90 நிமிடம் என்று போட்டிருக்கும். நால்வர் சேர்ந்தால் அது மேல் எல்லையைத்தான் தொடும். ஆக, கடைசி ரயிலுக்குள் இரண்டு ஆட்டம். இந்த நெருக்கடியில் பலருக்கும் பிடித்துப்போன உத்தி, டெக்கை (தன் சீட்டுக்கட்டை) வேகமாகச் சுழற்றுவது. அதாவது, முடிந்தவரை அதிகச் சீட்டுகளை எடுத்து, செலவழித்து, கழித்து, டெக்கைச் சீக்கிரம் தீர்த்து, கழித்தவற்றைக் கலைத்துப் புதிய டெக்காக்கி மறுபடி தொடங்குவது. இந்த உத்திக்குக் கிடைத்த பெயர் பொய்யில்லை. ஆனால் அதன் கணக்கைப் பலரும் வரவுப் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். வரவு ஒருவர் கையில் சேர்கிறது. செலவை மேசையில் இருக்கும் எல்லோரும் கட்டுகிறார்கள்.

ஃபேன்டஸி ஃப்ளைட் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆட்டம் மார்வெல் சாம்பியன்ஸ். ஒன்று முதல் நான்கு பேர் ஆளுக்கொரு நாயகனாகச் சேர்ந்து, தானாக இயங்கும் வில்லனின் டெக்கை எதிர்கொள்கிறார்கள். எந்தப் பொட்டலத்தில் எந்தச் சீட்டு இருக்கிறது என்பது வாங்கும்போதே தெரியும். குலுக்கல் யோகம் கிடையாது. டெக்கில் 40 முதல் 50 சீட்டுகள் இருக்கலாம். அவற்றில் 15 நாயகனுக்கே உரியவை. மீதியை ஆவேசம், நீதி, தலைமை, பாதுகாப்பு போன்ற பிரிவுகளில் பெரும்பாலும் ஏதேனும் ஒன்றிலிருந்தும், பொதுச் சீட்டுகளிலிருந்தும் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இந்த ஆட்டத்தில் தனியாகக் காசு கிடையாது, சீட்டுதான் காசு. விலை 3 என்று போட்ட ஒரு சீட்டை இறக்க, சாதாரணமாக வேறு மூன்றைக் கழிக்க வேண்டும். ஒரே வீச்சில் நான்கு கையை விட்டுப் போகும். ஆட்டக்காரர்களின் கட்டம் முடிகையில் வேண்டாததையெல்லாம் கழித்துவிட்டுக் கையை மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். பெரும்பாலான நாயகர்களுக்கு நாயக உருவில் ஐந்து சீட்டு, சாதாரண மனித உருவில் ஆறு. ‘பிறகு உதவும்’ என்று ஒரு சீட்டைப் பிடித்து வைத்திருப்பவர் அடுத்த சுற்றில் ஒன்று குறைவாக எடுக்கிறார். சுழற்றச் சொல்வது விதியேதான். தேர்ந்த ஆட்டக்காரர் அதை இன்னும் முடுக்கிவிடுகிறார், அவ்வளவுதான்.

முடுக்குவதன் பலன் எண்களில் தெரியும். 40 சீட்டில் தொடக்கக் கை ஆறு போக 34 மிஞ்சும். சுற்றுக்கு ஐந்து எடுத்தால் ஏழாம் சுற்றில் டெக் தீரும். பல ஆட்டங்கள் அதற்கு முன்பே முடிந்துவிடும். அதாவது, நிதானமாக ஆடுபவர் தன் டெக்கை ஒரு முறைகூட முழுதாகப் பார்ப்பதில்லை. சுற்றுக்கு இரண்டு கூடுதலாக எடுத்தால் ஐந்தாம் சுற்றிலேயே தீர்ந்துவிடும். அதற்குள் கவசம், கட்டடம், துணைவர் என்று 15 சீட்டுகள் மேசையில் இறங்கியிருந்தால், கையில் இருக்கும் ஐந்தும் போக இரண்டாம் டெக்கில் 20தான். அது மூன்று சுற்றுக்குள் மறுபடி தீரும். விலை கட்டத் தலா இரண்டு வளம் தரும் ‘எனர்ஜி’, ‘ஜீனியஸ்’, ‘ஸ்ட்ரென்த்’ ஆகிய மூன்றும் முன்பு 40இல் மூன்றாக இருந்தவை. இப்போது இன்னும் அடிக்கடி கைக்கு வரும். சுழற்சியின் உண்மையான பலம் இதுதான். எடுக்கும் எண்ணிக்கையைவிட, டெக் மெலிய மெலிய நல்ல சீட்டுகள் நெருங்கி வருவதே பெரிய லாபம். அதிர்ஷ்டத்தின் பங்கு அந்த அளவுக்குக் குறைகிறது.

இதற்குச் சரியான எடுத்துக்காட்டு முதல் பெட்டியிலேயே வரும் அயர்ன் மேன். மனித உருவில், டோனி ஸ்டார்க்காக இருக்கையில் சுற்றுக்கு ஒரு முறை டெக்கின் மேல் மூன்று சீட்டைப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டைக் கழிப்பார். ‘ரிபல்சர் பிளாஸ்ட்’ அடித்தால் மேலிருந்து ஐந்து சீட்டுகள் கழியும். அவற்றில் உள்ள ஒவ்வொரு மின்னல் வளக் குறிக்கும் அடியில் இரண்டு கூடும். நாயக உருவில் அவர் கையளவு வெறும் ஒன்று. தொழில்நுட்ப மேம்பாடு ஒவ்வொன்றுக்கும் ஒன்று கூடி ஏழு வரை போகும். அவருக்கே உரிய 15 சீட்டில் ஏழு அத்தகைய மேம்பாடுகள். அவை மேசைக்கு வர வர டெக் மெலியும், கை பெருகும். அந்தக் கட்டத்தை எட்டிய அயர்ன் மேன் ஒரே சுற்றில் வில்லனைச் சாய்ப்பதைப் பார்த்தவர்களுக்கு வேறெப்படியும் டெக் அமைக்க மனம் வராமல் போவதில் வியப்பில்லை.

ஆனால் அங்கே போய்ச் சேரும்வரை அவர் என்ன செய்கிறார்? முதல் சில சுற்றுகள் மனித உருவில் பதுங்கிக் கவசம் சேர்க்கிறார். எதிரில் இருப்பவர் மனித உருவில் இருந்தால் வில்லன் தாக்குவதில்லை, சூழ்ச்சி செய்வான், அவனுடைய முதன்மைச் சூழ்ச்சியில் அச்சுறுத்தல் ஏறும். அதை இறக்குவது மற்ற மூவரின் பாடு. ரிபல்சர் அடியில் ஒரு கவசமே கழிந்துபோனால் காத்திருப்பு இன்னும் நீளும். அவருடைய ‘ஸ்டார்க் டவர்’ சீட்டு, கழித்தவற்றில் மேலாக இருக்கும் தொழில்நுட்ப மேம்பாட்டை மட்டுமே மீட்டுத் தரும்.

பொதுச் சீட்டுகளுக்கும் இதே கதைதான். சுழற்ற விரும்புபவர்கள் யோசிக்காமல் சேர்ப்பது ‘அவெஞ்சர்ஸ் மேன்ஷன்’. விலை 4, சுற்றுக்கு ஒருவருக்கு ஒரு சீட்டு தரும். அதையும் சேர்த்து ஐந்து சீட்டு, அதாவது நாயக உருவின் ஒரு முழுக் கை, அதற்கே போய்விடும். முதல் சுற்றில் இறக்கினால் ஐந்தாம் சுற்றில்தான் போட்ட முதல் திரும்பும். நான்காம் சுற்றில் இறக்குபவர் பெரும்பாலும் நட்டத்துக்கே இறக்குகிறார்.

அடுத்தது தண்டம். டெக் தீர்ந்து கலைக்கும் ஒவ்வொரு முறையும் வில்லனின் டெக்கிலிருந்து ஒரு சீட்டு கூடுதலாக உங்கள் முன் விழும். ஒரு சீட்டுதானே என்று தோன்றும். அது ஓர் அடியாளாகவோ பக்கச் சூழ்ச்சியாகவோ இருந்தால், விழுந்தது உங்கள் முன் என்றாலும் சமாளிப்பது எல்லோரும். அதோடு வில்லனின் டெக்கும் ஒன்று குறைகிறது. அது தீர்ந்தால் முதன்மைச் சூழ்ச்சியில் ஒரு முடுக்கக் குறி ஏறும். பிறகு சுற்றுதோறும் அச்சுறுத்தல் கூடுதலாக வளரும். நால்வர் ஆட்டத்தில் வில்லனின் டெக் ஏற்கெனவே சுற்றுக்கு எட்டுச் சீட்டு வேகத்தில் கரைகிறது. உங்கள் டெக்கை முடுக்கும்போது எதிரியின் டெக்கையும் சேர்த்தே முடுக்குகிறீர்கள். இதே நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ ஆட்டத்தில் டெக் தீர்ந்தால் கலைப்பதே கிடையாது. 2016இல் வந்த ‘ஆர்க்கம் ஹாரர்’ கலைக்க விடும், ஆனால் அச்சத்தை உங்கள் பாத்திரத்தின் மீதே ஏற்றும். தண்டத்தைப் பொதுப் பகையாக மேசையில் இறக்குவது மார்வெல் சாம்பியன்ஸின் தனிக் குணம்.

விதிப்புத்தகம் சொல்லாத செலவு நேரம். ஒன்பது சீட்டுகளை எடுத்து, அவற்றின் வரிசையை மாற்றி மாற்றிக் கணக்குப் போடுபவரின் முறை முடியும்வரை மூவர் சும்மா இருக்கிறார்கள். துறைமுகத்தில் பாரந்தூக்கி எத்தனை விரைவாகக் கொள்கலனை இறக்கினாலும், அடுக்க இடமில்லையென்றால் கப்பல் காத்துத்தான் கிடக்கும். எடுத்த சீட்டுக்கும் போக ஓர் இடம் வேண்டும். அடிக்க எதிரியோ இறக்க அச்சுறுத்தலோ கட்ட விலையோ இல்லாமல் எடுப்பது வெறும் வேலை.

தனியாக ஆடுபவருக்கு இந்தக் குறைகளில் பாதி இல்லை. காத்திருப்பவர் எவருமில்லை, தண்டமும் தனக்கே. அங்கே சுழலும் டெக்கே சிறந்த தேர்வு என்று தயங்காமல் சொல்லலாம். நால்வர் மேசைக்கு வேறு அளவுகோல் வேண்டும். சீட்டெடுக்கும் ஆற்றல் பிறருக்கும் போகிறதா? கேரல் டேன்வர்ஸ் என்ற நாயகியின் ‘கமாண்டர்’ திறன் விரும்பிய எவருக்கும் ஒரு சீட்டு தரும், மேன்ஷனும் அப்படியே. இவற்றைத் தனக்கே வைத்துக்கொள்ளாமல், அந்தச் சுற்றில் அச்சுறுத்தலை இறக்க வேண்டியவருக்குக் கொடுத்தால் அதே வேகம் கூட்டுக்குப் பயன்படும். மேசையில் அமைப்பு முடிந்த பிறகு எடுப்பதை நிறுத்தத் தெரிகிறதா? டெக்கில் சில சீட்டுகளே இருக்கையில், தண்டச் சீட்டை இந்தச் சுற்றில் தாங்க முடியுமா என்று மற்றவர்களைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பவர், கேட்காமல் தீர்ப்பவரைவிட மெதுவாக ஆடுகிறார். ஆனால் அவரோடு ஆடும் மேசைதான் அதிகம் வெல்லத் தகுந்தது. கூட்டாட்டத்தில் டெக்கின் வேகத்தை அதன் சொந்தக்காரர் மட்டும் தீர்மானிப்பது அமைப்பிலேயே உள்ள கோளாறு. நாற்பது சீட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே அடுத்த மூவரின் டெக்கையும் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுப்பதே அதற்குத் திருத்தம்.