பனி இறங்கிய மொச்சை

மொச்சைக்கு மணம் ஏறுவது மார்கழியில்தான். ஓசூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் இப்போதெல்லாம் சித்திரையில்கூடத் தள்ளுவண்டியில் பச்சை மொச்சை குவிந்து கிடக்கிறது. ஒரு காயை எடுத்து முகர்ந்து பார்க்காமலே எடை போடச் சொல்லி வாங்கிப் போகிறார்கள். பருவம் பார்த்துத் தோட்டம் போடுகிறவனுக்கு இதைவிட மனக்கஷ்டம் வேறு இல்லை.

நம்முடையது வானம் பார்த்த செம்மண். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர் கீழே இறங்கினால் வரும் கிருஷ்ணகிரி 500 மீட்டரைத் தொட்டாலே அதிகம். மேலே ரோஜா, கீழே மாம்பழம் என்று ஆனது இந்த இறக்கத்தால்தான். ஆனால் மாசி பிறந்துவிட்டால் இரண்டு ஊருக்கும் ஒரே கதி. மண் இறுகிப் பாளமாகிவிடும். காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்குள் போன இடம் தெரியாது. போர்த்தண்ணீரின் உப்பு தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்து ஜனங்கள் ஃப்ளோரைடு தண்ணீரிலிருந்து தப்பித்தார்கள். எங்கள் தெருச் செடிகளுக்கு இன்னமும் போர்த்தண்ணீர்தான்.

இந்த மாதங்களில் நிழல்வலை கட்டி, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, மொட்டை மாடியில் குடமிளகாய் காய்க்க வைக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். என் ரசனை வேறு. மாசியிலிருந்து வைகாசி வரை என் தோட்டத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் பிரண்டையும் மட்டும் நிற்கும். மற்ற பாத்திகளைக் கொத்திவிட்டு, அப்படியே விட்டுவிடுவேன். வெயில் மண்ணுக்குள் இறங்கட்டும், புழுக்கூடுகள் சாகட்டும். சித்திரையில் மாங்காய்களைக் கொட்டிவிட்டுப் போகிற ஒரு கோடை மழை வரும். அதை நம்பிக் கையில் இருக்கும் விதையையெல்லாம் ஊன்றுகிறவர்கள் ஏராளம். தக்காளி, கொத்தவரை என்றால் சரி. பையூர் ஆராய்ச்சி நிலையத்தார் தங்கள் ஊர்ப் பேரிலேயே மானாவாரிக்கு ஏற்ற தக்காளி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள், அது எதையும் தாங்கும். மொச்சை விதையை மட்டும் அந்த மழைக்குத் தொடவே கூடாது.

காரணம் பகலின் நீளம். நம் ஊரில் ஆனியில் பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தைத் தாண்டும். மார்கழியில் பதினொன்றரைக்கும் குறைந்துவிடும். பழைய மொச்சை இந்த ஒன்றரை மணி நேரக் குறைவுக்காகக் காத்திருக்கிற செடி. வைகாசியில் ஊன்றினால் பந்தல் முழுக்கத் தழைத்து, கூரையில் ஏறி, பக்கத்து வீட்டு மதிலையும் பிடித்துக்கொண்டு, ஒரு பூகூட விடாமல் நிற்கும். ஆடியில் ஊன்றினால் அளவாக வளரும். ஐப்பசிக் கடைசியில் பகல் சுருங்குவது தெரிந்ததும் கணுவுக்குக் கணு கொத்து நீட்டும். வெள்ளைப்பூ ஒன்று, ஊதாப்பூ ஒன்று. ஊதாவை வெளிநாடுகளில் அழகுக்காகவே வேலியில் ஏற்றுகிறார்கள். எனக்கு வெள்ளைதான் பிடிக்கும்.

மொச்சையை எனக்குக் காட்டித் தந்தவர் கெலமங்கலம் பக்கம் வாழ்ந்த என் பெரியம்மா. ராகிக் கொல்லையில் சில சாலுக்கு ஒரு சால் மொச்சை விடுவது அங்கே வழக்கம். எல்லைக்கு அந்தப் பக்கம் இதை அக்கடி என்பார்கள், எங்கள் ஆட்களும் அப்படியே சொல்வதுண்டு. ராகி கார்த்திகையில் கதிர் அறுத்துப் போன பிறகு, தாளுக்கு நடுவே மொச்சை தனியாக நிற்கும். மழை நின்றிருக்கும். ஆழப் போன வேர் அடியில் மிச்சமிருக்கும் ஈரத்தை எடுக்கும். மேலே ராத்திரிப் பனி. பூ வந்த சமயம் அசுவினி பிடித்தால், விடியற்காலையில் இலை நனைந்திருக்கும்போதே பெரியம்மா அடுப்புச் சாம்பலை முறத்தில் கொண்டுபோய்த் தூவுவார். வெயில் ஏறின பிறகு தூவினால் சாம்பல் ஒட்டாது, காற்றில் போய்விடும்.

அவருடைய பெரிய வித்தை விதை எடுப்பதுதான். மார்கழி நடுவில் ஒரு நாள் சால் சாலாக நடப்பார். ஒவ்வொரு கொடியிலும் நன்றாக முற்றிய, ஆனால் இன்னும் பச்சை மாறாத காய் ஒன்றைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்தி உருவுவார். மொச்சைத் தோலின் மேல் எண்ணெய் மாதிரி ஒரு பசை உண்டல்லவா, அது விரலில் எவ்வளவு பிசுபிசுக்கிறது என்று பார்ப்பார். பிறகு முகர்வார். சில கொடிகளைத் தாண்டிப் போய்விடுவார். சிலதில் நின்று, முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் பழைய சிவப்புச் சேலைக் கிழிசலை எடுத்துக் கட்டுவார். கட்டின கொடியில் யாரும் கை வைக்கக் கூடாது. "கையில ஒட்டலைன்னா அது மொச்சை இல்லடா, வெறும் தழை" என்பார். அந்தக் கொடியின் காய் செடியிலேயே காய்ந்து சலசலக்கும்போதுதான் பறிப்பார். உதிர்த்த விதையைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்துப் பானையில் போடுவார். வண்டு அண்டாது.

அந்தப் பசையில் இருக்கும் கொழுப்பு அமிலங்களே மணத்துக்குக் காரணம் என்று வேதியியலார் பின்னாளில் கண்டு எழுதினார்கள். பெரியம்மா அதை விரலாலேயே தேர்ந்து, வருஷா வருஷம் தம் கொல்லையில் கூட்டிக்கொண்டே வந்தார். இந்தத் தேர்வு அவரோடு தொடங்கியதும் அல்ல. கர்நாடகத்தின் ஹல்லூரில் புதிய கற்கால மண்ணிலேயே மொச்சை கிடைத்திருக்கிறது. ஏறக்குறைய மூவாயிரத்து ஐந்நூறு வருஷமாக இந்தப் பீடபூமியில் யாரோ ஒருவர் காயை உருவி முகர்ந்துகொண்டேதான் இருந்திருக்கிறார்.

மொச்சையை அவரை என்று சொல்கிற பெங்களூர்க்காரர்கள் மாகடி அவரைக்குத்தான் முதலிடம் கொடுப்பார்கள். வி.வி.புரத்தில் தொடங்கிய அவரைக்காய் மேளாவில் தோசை முதல் ஜிலேபி வரை மொச்சையில் செய்து தருவதையும் ரசித்துச் சாப்பிட்டிருக்கிறேன். மாகடிக் கொட்டை பருமன், பார்க்க லட்சணம். ஆனால் தளி, தேன்கனிக்கோட்டை மேட்டில் மானாவாரியில் விளைகிற சிறு கொட்டைக்கு ஒரு காட்டம் இருக்கிறது. தண்ணீர் பாய்ச்சின கொல்லையில் அது வராது. இரண்டையும் ஒரே நாளில் தனித்தனிச் சட்டியில் வேகவைத்துப் பார்த்தால் மூடியைத் திறக்கும்போதே தெரியும்.

வருஷம் முழுக்கக் கிடைப்பதன் கதை வேறு. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஹெப்பால் அவரை ரகங்கள் பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை. எப்போது ஊன்றினாலும் குறுகிய நாளில் குத்துச்செடியாகக் காய்க்கும். விவசாயிக்கு அது கைமேல் காசு. ஒரு போகத்துக்காக ஆறு மாதம் நிலத்தைக் கட்டிப்போட முடியாதவர்களுக்கு அது வரம்தான், மறுக்கவில்லை. அவற்றிலும் மணம் உண்டு என்பவர்கள் பனிக்காலத்தில் பறித்ததைச் சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம். பங்குனி வெயிலில் காய்த்ததை விரலில் தேய்த்துப் பாருங்கள். பசை இருக்காது, பச்சைப்புல் வாடைதான் வரும்.

பசுமைக்குடில் ரோஜாவும் இதே வழியில் போனதுதான். காதலர் தினத்துக்கு விமானம் ஏறுகிற நம் ஊர்த் தாஜ்மஹால் ரோஜாவின் சிவப்புக்கும் நீண்ட காம்புக்கும் ஈடு கிடையாது. அந்தத் தொழிலால் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிகிறது. மூக்கருகே கொண்டுபோனால்தான் ஒன்றுமில்லை. பருவத்தை வென்ற எதுவும் மணத்தைத்தான் முதலில் விட்டுக்கொடுக்கிறது.

பிதுக்கம்பருப்பு செய்கிற வீடுகளும் குறைந்துவிட்டன. உரித்த பச்சைக் கொட்டையை ராத்திரி தண்ணீரில் போட்டு, காலையில் ஒவ்வொன்றாக விரல் நுனியில் வைத்து அழுத்தினால், தோல் கையில் நிற்க, பருப்பு வழுக்கி வெளியே வரும். பதமாக ஊறாவிட்டால் இரண்டாக உடைந்து தெறிக்கும். அதிகம் ஊறினால் மணம் தண்ணீரோடு போய்விடும். நாலு பேர் சாப்பிட ஒருவர் உட்கார்ந்து பிதுக்கினால் காலைப்பொழுது சரியாகப் போகும். இப்போது பிதுக்கியதையே பாக்கெட்டில் விற்கிறார்கள். எத்தனை மணி நேரம் தண்ணீரில் கிடந்ததோ, அதில் களிக்குத் தொட்டுக்கொள்ள உருட்சியான பருப்பு மட்டும்தான் கிடைக்கிறது.

கொல்லையும் மாறிவிட்டது. ராகியை எந்திரம் வைத்து அறுக்கிறவர்களுக்கு நடுவில் ஒரு சால் மொச்சை இடைஞ்சல். சிப்காட்டைச் சுற்றி மனைப்பிரிவுகள் விரிந்த வேகத்தில் வேலிகள் போய்க் கம்பி முள்ளும் காம்பவுண்டுச் சுவரும் வந்தன. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்குத் தோட்டம் போட ஆசை இருக்கிறது, நர்சரிகளில் கூட்டமும் இருக்கிறது. ஆனால் அங்கே கிடைக்கும் விதைப் பாக்கெட்டின் மேல் 'எல்லாப் பருவத்துக்கும்' என்று அச்சடித்திருக்கிறது. சிவப்புத் துணி கட்டி எடுத்த விதைக்கு இன்னும் கிராமத்துப் பாட்டிகளின் பானையைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அந்தப் பானைகள் வருஷத்துக்கு வருஷம் குறைகின்றன.

அதனால் ஒரு வேண்டுகோள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால், வருகிற தையில் ஒரு பிடி மானாவாரி மொச்சை விதை கேட்டு வாங்கி வையுங்கள். ஆடிப் பதினெட்டை ஒட்டி மதிலோரத்தில் நாலு குழி போதும். குழிக்கு மூன்று விதை, கொஞ்சம் மக்கின எரு. மழை தவறினால் மட்டும் தண்ணீர். மார்கழியில் எந்தக் கொடி விரலில் அதிகம் ஒட்டுகிறதோ, அதன் காயைச் சமைக்காமல் விதைக்கு விட்டுவிடுங்கள். அந்த விதையில் பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.