ஆண்டுக்கணக்கு மட்டும் போதுமா?

நீண்டகால ஆதரவுப் பதிப்பு, அதாவது எல்.டி.எஸ்., என்றாலே இப்போது ஆண்டுக்கணக்கில்தான் போட்டி. உபுண்டுவை வெளியிடும் கெனோனிக்கல் நிறுவனம், கட்டணம் செலுத்துவோருக்கு 12 ஆண்டு ஆதரவு என்று 2024இல் அறிவித்தது. அடுத்த ஆண்டே அதை 15 ஆக்கியது. காலம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்பது இதை வரவேற்போரின் வாதம். அது பாதிதான் சரி.

சரியான பாதியை மறுப்பதற்கில்லை. மருத்துவமனைக் கருவியையும் தொழிற்சாலை இயந்திரத்தையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்புக்கு மாற்ற முடியாது. 2008 முதல் இரண்டாண்டுக்கு ஒரு ஏப்ரலில் உபுண்டு எல்.டி.எஸ். தவறாமல் வருவது பெரிய சாதனை.

கோளாறு பேக்போர்ட்டில் இருக்கிறது. புதிய நிரலுக்காக எழுதிய திருத்தத்தைப் பெயர்த்தெடுத்துப் பழைய பதிப்பில் பொருத்துகிறார்கள். அந்தத் திருத்தமோ இடைக்காலத்தில் நடந்த வேறு மாற்றங்களை நம்பி எழுதப்பட்டிருக்கும்.

2023இன் இறுதியில் நடந்ததைப் பாருங்கள். லினக்ஸ் 6.1 எல்.டி.எஸ். கெர்னலின் 6.1.64 வெளியீட்டில், எக்ஸ்ட்4 கோப்பு முறைமைக்கான திருத்தம் ஒன்று பேக்போர்ட் ஆனது. கோப்பின் அளவு வட்டில் ஒழுங்காகப் பதிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் அதற்கு முன்தேவையான மாற்றம் 6.5 கெர்னலில்தான் வந்திருந்தது, 6.1இல் இல்லை. அதனால் கோப்பில் எழுதவேண்டிய இடத்தின் கணக்கு இருமுறை நகர்ந்து, தரவு சிதையும் நிலை வந்தது. இந்தக் கெர்னலைப் பயன்படுத்தும் டெபியன் இயங்குதளத்தில், 12.3இன் நிறுவல் கோப்புகளை வெளியிடாமல் நிறுத்திவிட்டு, மறுநாளே 12.4ஐ வெளியிட்டார்கள்.

மாற்றமே வேண்டாம் என்று பழைய பதிப்பில் தங்கியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. ஆண்டு கூடக்கூடப் பழைய நிரலுக்கும் புதிய நிரலுக்கும் இடைவெளி கூடுகிறது. இரண்டையும் அறிந்தவர்கள் குறைகிறார்கள். லினக்ஸ் கெர்னல் திட்டம் இதைப் பட்டே அறிந்தது. 2017இல் ஆறாண்டாக உயர்த்திய ஆதரவுக் காலத்தை மீண்டும் இரண்டாண்டாக்கப் போவதாக 2023 செப்டம்பரில் தெரிவித்தது. அவ்வளவு பழைய கெர்னல்களைப் பயன்படுத்துவோர் குறைவு, பராமரிப்பவர்கள் மீதோ சுமை அதிகம் என்பதே காரணம். அந்தப் பாடத்துக்குப் பிறகும் 15 ஆண்டு என்று அறிவிப்பது வாடிக்கையாளரின் அச்சத்தை விற்பனையாக்கும் வேலை.

எல்.டி.எஸ். திட்டமிடும் ஒவ்வொரு திறமூலத் திட்டமும் முடிவுத் தேதிக்கு முன்பாக வேறு இரண்டை அறிவிக்க வேண்டும்: திருத்தங்களை யார் பேக்போர்ட் செய்வார்கள், எந்த வன்பொருளில் யார் சோதிப்பார்கள். அதைச் சொல்ல முடியாதவர்கள் இரண்டாண்டுக்கு மேல் வாக்குக் கொடுக்கக் கூடாது.