கேட்ஸ்பிக்கு முகம் கேட்ட கடிதம்

பதிப்பாசிரியர் ஒருவர் எழுத்தாளருக்கு எழுதிய கடிதங்களில் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பது, 1924 நவம்பர் 20 அன்று மேக்ஸ்வெல் பெர்கின்ஸ் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு எழுதியது. பெர்கின்ஸ் நியூயார்க்கின் ஸ்கிரிப்னர்ஸ் பதிப்பகத்தில் இருந்தார். ஃபிட்ஸ்ஜெரால்டு ஐரோப்பாவில். பின்னால் 'தி கிரேட் கேட்ஸ்பி' என்று பெயர் பெற்ற நாவலின் கைப்பிரதியை அப்போதுதான் பெர்கின்ஸ் படித்து முடித்திருந்தார்.

மனதாரப் பாராட்டிவிட்டுத்தான் குறைக்கு வருகிறார். நாவலில் வரும் டாம் புக்கானனைத் தெருவில் பார்த்தால் அடையாளம் கண்டு ஒதுங்கிப் போய்விடுவாராம். நாயகன் கேட்ஸ்பியோ மங்கலாகவே தெரிகிறானாம். டாமைப் பற்றிய அந்தப் பாராட்டே கேட்ஸ்பியை அளக்கும் கோலாகிவிடுவதைக் கவனியுங்கள். வெளியிலிருந்து எந்த இலக்கணத்தையும் கொண்டுவந்து வைக்கவில்லை. இந்த மங்கல் ஒருவேளை வேண்டுமென்றே செய்ததாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, ஆனாலும் அது தவறு என்றே நினைப்பதாகச் சொல்கிறார். பணிவும் பிடிவாதமும் ஒரே வாக்கியத்தில்!

அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கேட்ஸ்பி வாய்க்கு வாய் சொல்லும் 'ஓல்டு ஸ்போர்ட்' என்ற விளியைச் சுட்டி, அதுபோல இன்னும் ஒன்றிரண்டு அடையாளங்கள் வேண்டும், பேச்சில் அல்ல, உடலில் இருந்தால் நல்லது என்கிறார். எழுத்தாளர் கையில் ஏற்கெனவே இருக்கும் உளியை அவருக்கே எடுத்துக் கொடுக்கிறார். மாற்றி எழுதிக் காட்டிய வாக்கியம் அந்தக் கடிதத்தில் ஒன்றுகூட இல்லை.

ஃபிட்ஸ்ஜெரால்டின் பதிலும் அதற்குச் சளைத்ததல்ல. கேட்ஸ்பி எப்படி இருப்பான் என்று தனக்கே தெரிந்திருக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். மனைவி ஸெல்டாவை விரல் வலிக்கும் வரை படம் வரையச் சொல்லிப் பார்த்தாராம். இப்போது சொந்தக் குழந்தையைவிட அவனை நன்றாகத் தெரியுமாம். பிறகு மெய்ப்புத் தாள்களிலேயே நாவலைத் திருத்தினார். கேட்ஸ்பியின் பழைய கதை ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறது, அதைப் பிரித்துப் போடலாம் என்பது பெர்கின்ஸின் இன்னொரு யோசனை. கடைசிப் பகுதியில் கிடந்த, கேட்ஸ்பியின் இளமைக் காலத்தில் வரும் டான் கோடியின் கதை ஆறாம் அத்தியாயத்துக்கு நகர்ந்தது. 1925 ஏப்ரல் 10 அன்று நூல் வெளிவந்தது.

இந்த உறவின் மறுபக்கத்தில் ஃபிட்ஸ்ஜெரால்டின் முகவர் ஹெரால்டு ஓபரையும் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த நாவலில் உட்காருமுன் கடனை அடைக்க ஃபிட்ஸ்ஜெரால்டு வரிசையாகச் சிறுகதைகள் எழுதினார். அவற்றைப் பத்திரிகைகளுக்கு விற்றுத் தந்தவர் ஓபர். 1929 வாக்கில் ஒரு கதைக்கு 4,000 டாலர் வரை வாங்கிக் கொடுத்தார். எழுதாத கதைக்கும் முன்பணம் தந்தார். 1939இல் இனி முடியாது என்று அவர் கைவிரித்ததும் உறவு முறிந்தது. ஆனாலும் ஃபிட்ஸ்ஜெரால்டின் மகள் ஸ்காட்டிக்கு ஓபர் வீடு திறந்தே இருந்தது.

நூல் வெளிவந்தபின் அதன் கட்டுக்கோப்பைப் பலரும் புகழ்ந்தார்கள். அதைச் சீர்செய்தது நீங்கள்தான், நானல்ல என்று ஃபிட்ஸ்ஜெரால்டு பெர்கின்ஸுக்கு எழுதினார். பெருந்தன்மையான சொல், ஆனால் முழுதாக ஏற்க எனக்கு மனமில்லை. பெர்கின்ஸ் இடத்தைத்தான் காட்டினார். டான் கோடியைப் பெயர்த்தெடுத்து, தழும்பு தெரியாமல் ஆறாம் அத்தியாயத்தில் பொருத்திய கை ஃபிட்ஸ்ஜெரால்டுடையது.