நீலம் படிந்த கைகள்

வரலாற்றுக் காதல் நாவல் என்றதும் ஆங்கிலேயப் பிரபுவும் மாளிகையும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தச் செல்வம் யாருடைய உழைப்பில் விளைந்தது என்று அக்கதைகள் பெரும்பாலும் கேட்பதில்லை.

பெவர்லி ஜென்கின்ஸ் கேட்கிறார். 1996இல் வந்த அவருடைய ‘இண்டிகோ’வின் நாயகி ஹெஸ்டர் அடிமையாகப் பிறந்தவள், அவுரிச் சாயத்தில் உழைத்து நீலமேறிய கைகள் கொண்டவள். மிச்சிகனில், தப்பிவரும் அடிமைகளுக்குத் தன் வீட்டில் மறைவிடம் தருகிறாள். காயம்பட்டு அங்கே வந்துசேரும் கேலன் அந்தக் கைகளையும் நேசிக்கிறான்.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகளின் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை. கணவனையும் மனைவியையும் தனித்தனியே விற்கலாம். அந்த வரலாற்றின் முன்னால், இருவரும் சேர்ந்து வாழும் முடிவை மலிவான கனவு என்று என்னால் தள்ள முடியவில்லை. விலைபேசப்பட்ட உடல் இங்கே தானே விரும்புகிறது, தேர்ந்தெடுக்கிறது.

கேலன் பெருஞ்செல்வந்தன் என்பது உறுத்துகிறது. பணக்கார நாயகன் என்ற பழைய வாய்பாட்டை ஜென்கின்ஸும் விடவில்லை. ஆனால் அவன் வருமுன்பே ஹெஸ்டர் பிறரை மீட்டுக்கொண்டிருந்தாள்.

அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கத்தின் ரீட்டா விருது 2019 வரை எந்தக் கறுப்பின எழுத்தாளருக்கும் கிடைக்கவில்லை. அதனால்தான் என் மாணவிகளிடம் சொல்கிறேன்: விருதுப் பட்டியலில் தேடாதீர்கள், ஹெஸ்டரிடமிருந்து தொடங்குங்கள்.