தனக்கும் தான் அயலான்

பெர்னானோசின் 'ஒரு கிராமப் பங்குக்குருவின் நாட்குறிப்பு': மறுவாசிப்பு

பிரெஞ்சுக் கத்தோலிக்க எழுத்தாளர் ஜார்ஜ் பெர்னானோஸ் (1888–1948) எழுதி 1936ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஒரு கிராமப் பங்குக்குருவின் நாட்குறிப்பு' என்னும் புதினத்தை நாம் முதன்முதலாகப் படித்தது குருமட நாள்களில். பமேலா மோரிஸ் 1937இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு, அட்டை கிழிந்த நிலையில் கைமாறிக் கைமாறி நம்மிடம் வந்து சேர்ந்தது. வெளிவந்த ஆண்டிலேயே பிரெஞ்சு அகாடெமியின் புதினப் பரிசைப் பெற்ற நூல் என்பதெல்லாம் அன்று நமக்குப் பெரிதாகப் படவில்லை. இளங்குரு ஒருவர் உண்ணாமல் உறங்காமல் பணிசெய்து, தம்மை முற்றும் கரைத்துக்கொண்டு மாண்டுபோகிறாரே, அதுதான் நம்மை ஆட்கொண்டது. மெழுகுதிரியாய் உருகுவதே குருத்துவம் என்று நம்பியிருந்த வயது அது.

அண்மையில் அந்நூலை மீண்டும் எடுத்துப் படித்தோம். அன்று வியந்த இடங்கள் இன்று அச்சமூட்டின. அன்று விரைந்து கடந்த பக்கங்கள் இன்று நம்மைப் பிடித்து நிறுத்தின. பிறருக்காக உழைப்போர் தம்மிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்ற வினாவை இந்நூல் எழுப்புகிறது. இது குருக்களுக்கு மட்டும் உரிய வினா அன்று. மருத்துவமனையில் இரவுப்பணி செய்யும் செவிலியர், முதியோர் இல்லத்து அருட்சகோதரியர், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் தாயைப் பேணும் மகள் ஆகிய அனைவர்க்கும் உரியது.

தம்மையே தீர்ப்பிடும் குரு

வடபிரான்சின் ஆர்துவாப் பகுதியில் ஆம்ப்ரிகூர் என்றொரு சிற்றூர். ஏழைக் குடும்பத்தில் பிறந்த இளைஞர் ஒருவர் அங்கே பங்குக்குருவாக வருகிறார். அவருடைய பெயரை ஆசிரியர் நமக்குச் சொல்வதே இல்லை. மறைக்கல்வி வகுப்பில் சிறுமியர் அவரைக் கேலி செய்கின்றனர். ஊரார் நெருங்க மறுக்கின்றனர். பிரபுவின் மாளிகையிலோ குடும்பம் பிளவுண்டு கிடக்கிறது. குருவுக்கு ஓயாத வயிற்றுவலி. வேறு உணவை வயிறு ஏற்காததால், சர்க்கரையிட்ட திராட்சை இரசத்தில் ரொட்டியைத் தோய்த்து உண்டு காலம் தள்ளுகிறார். அவரைக் குடிகாரர் என்று ஊர் பேசுகிறது. இறுதியில் லில் நகரத்து மருத்துவர் ஒருவர் வயிற்றில் புற்றுநோய் எனக் கண்டு சொல்கிறார். குருத்துவப் பணியை விட்டு விலகி வாழும் பழைய குருமடத் தோழன் ஒருவனின் இருப்பிடத்திலேயே அவர் உயிர் பிரிகிறது.

நிகழ்ச்சிகள் இவ்வளவே. நூலின் உயிர் அவர் தம்மைத்தாமே விசாரிக்கும் முறையில் இருக்கிறது. தம் செபம் வறண்டது என்று குற்றம் காண்கிறார். தம் கூச்சத்தைக் குற்றம் காண்கிறார். உடலின் வலுவின்மையையும் குற்றப்பட்டியலில் சேர்க்கிறார். எழுதியதை அடிக்கிறார், பக்கங்களைக் கிழிக்கிறார். தம் பங்கு மக்களுள் மிகக் கொடியவரிடமும் இத்துணைக் கடுமையை அவர் காட்டியதில்லை. பிறருக்கு மேய்ப்பராக இருப்பவர் தமக்கு மட்டும் நீதிபதியாகவே இருக்கிறார்.

தூசை ஒழிக்க முயன்ற பெண்

இந்த நோய் அவர் ஒருவருக்கே உரியதன்று என்பதைப் பெர்னானோஸ் வேறிருவரைக் கொண்டு காட்டுகிறார். முதலாவது, பக்கத்துப் பங்கான தோர்சியின் குரு சொல்லும் கதை. அவர் நன்கு உண்பவர், உரக்கப் பேசுபவர், நடைமுறை அறிந்தவர். அவருடைய ஆலயத்தைத் துப்புரவு செய்ய ஒரு பெண் இருந்தாள். ஆலயத்தில் தூசு ஒரு துகளும் இருத்தலாகாது என்பது அவள் உறுதி. ஞாயிறுதோறும் மக்கள் காலடிச் சேற்றோடு வந்தனர். அவள் கழுவினாள், தேய்த்தாள், மீண்டும் கழுவினாள். இரவையும் அதற்கே கொடுத்தாள். இறுதியில் நோயுற்று மாண்டாள். அழுக்கை எதிர்த்தது அவள் தவறன்று, அழுக்கே இல்லாமற் செய்துவிட எண்ணியதே தவறு என்று தோர்சியின் குரு விளக்குகிறார். ஆலயம் நாளும் அழுக்காகும், நாளும் பெருக்கலாம். முடிவுறாத வேலையை முடித்தே தீருவேன் என்பவர், தம்மை முடித்துக்கொள்வதைத் தவிர வேறொன்றும் முடிப்பதில்லை.

இரண்டாமவர் டெல்பாந்த் என்னும் கிராம மருத்துவர். கடவுள் நம்பிக்கை அற்றவர்; ஆயினும் ஏழைகளுக்கு இழைக்கப்படும் அநீதி கண்டு கொதிப்பவர். ஒருநாள் காட்டோரத்தில் துப்பாக்கிக் குண்டுபட்டு இறந்துகிடக்கிறார். விபத்தா, தாமே தேடிக்கொண்ட முடிவா என்பதை ஆசிரியர் திட்டமாகச் சொல்லவில்லை. உறுதியின் வடிவான தோர்சியின் குருவையே அச்சாவு நிலைகுலையச் செய்கிறது. உலகின் துன்பம் முழுவதையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் மனிதனுக்கு, அக்கணக்கைத் தீர்க்க இயலாத நாளில் என்ன நேரும் என்பதை அவ்வுடலின் முன் நின்று எண்ணிப் பார்க்குமாறு நாம் அழைக்கப்படுகிறோம்.

இறுதிக் குறிப்பு

குருவுக்கு மட்டும் ஆசிரியர் வேறொரு வழியைத் திறந்துவிடுகிறார். ஒரு மாலையில் அவர் வழியில் மயங்கிச் சேற்றில் விழுகிறார். வகுப்பில் அவரை மிகுதியும் கேலி செய்த செராஃபீத்தா என்னும் சிறுமியே அவரைக் கண்டு, விளக்கைப் பக்கத்தில் வைத்து, நீரால் அவர் முகத்தைத் துடைத்துவிடுகிறாள். துடைக்கும் கைகளையே உடையவராகத் தம்மை எண்ணியிருந்தவர், துடைக்கப்படும் முகமும் தமக்கு உண்டு என்பதை ஏற்கிறார். பின்னொரு நாள், அயல்நாட்டுப் படையணி வீரனான ஒலிவியே அவரைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு காற்றாய்ப் பறக்கிறான். தாமும் இளைஞர் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிகிறது. குருமட நாள்களில் இவ்விரு பக்கங்களையும் கதையின் இடைச்செருகல் என்று நாம் கருதியது நினைவிருக்கிறது. உண்மையில் இவையே இறுதிக் குறிப்புக்கு அவரை அழைத்துச் செல்லும் படிகள்.

அந்த இறுதிக் குறிப்பில் தம்மோடு தாம் ஒப்புரவாகிவிட்டதாக அவர் எழுதுகிறார். தன்னை வெறுப்பது மனிதனுக்கு எளிது; தன்னை மறப்பது அருள்; ஆனால் ஆணவம் முற்றும் அற்றுப்போகுமாயின், கிறிஸ்துவின் துன்புறும் உறுப்புகளில் வேறெவரையும் போலவே தன்னையும் தாழ்மையோடு அன்பு செய்வதே அருள்களிலெல்லாம் தலையாயது. இதுவே அவர் கருத்து. இங்கே ஆணவம் என்ற சொல் வந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். தன்னை வெறுப்பதைத் தாழ்ச்சி என்றே நாம் பழகியிருக்கிறோம். பெர்னானோஸ் அதன் முகமூடியைக் கழற்றுகிறார். பிறர் தவறலாம், பிறர் களைக்கலாம், பிறருக்கு மன்னிப்பு உண்டு, எனக்கு மட்டும் இல்லை என்பவன், மனிதகுலத்தினின்று தன்னை ஒருபடி மேலே அல்லவா நிறுத்திக்கொள்கிறான்?

தமிழில் 'தன்னிரக்கம்' என்ற சொல் உண்டு. ஆனால் அது தன் துன்பத்தையே எண்ணி எண்ணிக் கரைவதைக் குறிப்பது. இந்தக் குரு அடைந்த நிலையைத் 'தற்பரிவு' எனலாம். தன்னிரக்கம் என்னைப்போல் துன்புற்றவர் இல்லை என்று சொல்லும். தற்பரிவு நானும் துன்புறுவோருள் ஒருவன் என்று சொல்லும். அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003ஆம் ஆண்டில் இதனை வரையறுத்தபோது, தன்பால் கனிவு, துன்பம் மனிதர் அனைவர்க்கும் பொது என்னும் உணர்வு, நிகழ்வதை மிகைப்படுத்தாமல் நோக்கும் விழிப்பு என மூன்று கூறுகளைக் குறித்தார். நடுவில் உள்ள கூற்றைப் பெர்னானோஸ் அதற்கு 67 ஆண்டுகளுக்கு முன்பே மறையுடலின் மொழியில் எழுதிவிட்டார். அவருக்கும் முன்னதாக 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினாஸ், தம் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பகுதியில், மனிதன் தன்னையும் தன் உடலையும் இறையன்பினால் அன்பு செய்யக் கடமைப்பட்டவன் என்று நிறுவியுள்ளார். குருமடத்தில் அதைத் தேர்வுக்காகப் படித்தோம், வாழ்வுக்காகப் படிக்கவில்லை.

நமது முரண்பாடு

இத்துணைப் பாராட்டியபின் நூலோடு நமக்குள்ள ஒரு பிணக்கையும் சொல்லியாக வேண்டும். குழந்தையை இழந்து ஆண்டுக்கணக்காகக் கடவுளிடம் நெஞ்சைப் பூட்டிவைத்திருந்த பிரபுவின் மனைவிக்கு இக்குரு அமைதியைப் பெற்றுத் தருகிறார். அன்றிரவே அவள் இறந்துவிடுகிறாள். தம்மிடம் இல்லாத அமைதியைத் தம் வெறுங்கைகளால் வழங்க முடிந்ததே என்று அவர் வியக்கிறார். நூலில் பலரும் போற்றும் இடம் இது. அருள் நம் நிறைவைச் சார்ந்ததன்று என்ற அளவில் இது முழு உண்மை. ஆனால் இதையே வாழ்க்கை விதியாக்கிக்கொள்ளும் ஆபத்தும் இங்கேயே இருக்கிறது. கடவுள் வெறுங்கையின் வழியாகவும் கொடுப்பார் என்பதால், கையை வெறுமையாக்கிக்கொள்ளும் உரிமை நமக்கு வந்துவிடுமா?

12ஆம் நூற்றாண்டில் புனித பெர்நார்து, இனிமைமிகு பாடல் குறித்த தம் 18ஆம் மறையுரையில் இதற்கு விடை தந்திருக்கிறார். வாய்க்கால் வந்த நீரை வந்தவுடன் விட்டுவிடும். நீர்த்தேக்கம் நிறையும்வரை காத்து, தான் குறைபடாமல் வழிந்து கொடுக்கும். வாய்க்கால்கள் மலிந்து நீர்த்தேக்கங்கள் அருகிவிட்டதாக அவர் வருந்துகிறார். ஏரி நிறைந்து கலிங்கு வழியாகப் பாயும் ஊர்களில் பிறந்த நமக்கு இவ்வுவமை புதிதன்று. கரையை உடைத்துக்கொண்டு ஒரே நாளில் பாயும் ஏரி, அவ்வாண்டில் எந்த வயலையும் விளைவிப்பதில்லை.

பெர்னானோசின் குரு தற்பரிவைக் கண்டடைவது சாவின் வாசலில். கலைக்கு அது பொருந்தும். வாழ்வுக்கு அது காலங்கடந்தது. அவர் ஓராண்டு முன்னதாகத் தம் வயிற்றுவலியை ஓர் ஏழை நோயாளியின் வலியாகக் கருதியிருந்தால்? வேறொருவர் அப்படி ரொட்டியும் இரசமுமாய் வாழ்ந்திருந்தால், அவரைத் தாமே கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருக்க மாட்டாரா? இவ்வினாவை நூல் கேட்கவில்லை. ஆகவே இளம் வாசகர் பலர், நம்மைப் போலவே, இறுதிக் குறிப்பை விட்டுவிட்டு அழிவை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர்.

அழிவை எடுத்துக்கொண்டதன் விளைவை நாம் ஒரு வீட்டுத் திண்ணையில் கண்டோம். பல ஆண்டுகளுக்கு முன், படுக்கையில் கிடந்த மூதாட்டி ஒருவருக்கு நற்கருணை கொடுத்துத் திரும்புகையில், அவரைப் பேணிவந்த மகள் வாசல்வரை வந்து, "சாமி, நேத்து ராத்திரி அம்மாவைத் திட்டிட்டேன். என்னை மாதிரிப் பாவி யாரும் இருக்க மாட்டாங்க" என்று அழுதார். இன்னும் பொறுமைக்காகச் செபியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். எத்தனை இரவுகளாக உறங்கவில்லை என்று கேட்கவில்லை. ஓர் இரவேனும் உறங்குவதற்கு அன்பியத்திலிருந்து ஒருவரை அனுப்ப எண்ணவில்லை. கேட்கத் தெரியாததற்குக் காரணம், அக்கேள்வியை நாம் நமக்கே கேட்டதில்லை. தனக்கு இரங்காதவன் நாளடைவில் பிறருக்கும் மேலும் சுமையையே பரிந்துரைப்பான். தற்பரிவு சொந்த வசதிக்கானது என்பாருக்கு நாம் தரக்கூடிய மறுமொழி இந்நிகழ்ச்சியே.

சூரைச் செடியின் அடியில் தன் உயிரை எடுத்துவிடுமாறு மன்றாடிய எலியாவை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. தூதர் வழியாக அப்பமும் தண்ணீரும் தந்தார், உறங்கவிட்டார், மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். அதன் பின்னரே நாற்பது நாள் பயணம் (1 அரசர் 19). பணி முடித்துத் திரும்பிய திருத்தூதர்களை, உண்ணவும் நேரமின்றி மக்கள் சூழ்ந்திருந்த வேளையில், சற்று ஓய்வெடுக்க அழைத்தவர் இயேசுவே (மாற்கு 6).

பெர்னானோசின் நாட்குறிப்பை மீண்டும் படியுங்கள் என்று குருக்களையும், துறவியரையும், நோயுற்றோரைப் பேணும் அனைவரையும் வேண்டுகிறோம். இம்முறை இறுதிக் குறிப்பிலிருந்து தொடங்கிப் படியுங்கள். அன்றிரவு உறங்கச் செல்லுமுன் ஆன்ம சோதனையில் ஒரு வினாவைக் கூட்டிக்கொள்ளுங்கள்: இன்று நம் வாசலுக்கு வந்த துன்புற்றோர் அனைவரையும் ஏற்றோமே, அவர்களுள் ஒருவராக நின்றிருந்த நம்மை ஏற்றோமா?